24 துப்பாக்கி வைக்கலாம் என்று சொன்ன பெட்டகம்

பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேர்க்கும் பித்து கைமீறிப் போனபோது அதற்கு அணை போடுவதற்காகவே இந்த எஃகுப் பெட்டகத்தை வாங்கினேன். பாதுகாப்பு இரண்டாம் காரணம்தான் என்பதைச் சற்றுக் கூச்சத்துடன் ஒப்புக்கொள்கிறேன். இது நிரம்பிவிட்டால் பிறகு ஒன்றும் வாங்குவதில்லை என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்தேன். அப்போது என்னிடம் 11 இருந்தன, பெட்டகத்தின் அட்டையிலோ 24 என்று அச்சிட்டிருந்தது. ஆக, இன்னும் 13 வாங்க எனக்கு நானே அனுமதிச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கணக்கில் மண்ணைப் போட்டது பெட்டகமேதான். தயாரிப்பாளர்கள் சொல்லும் எண்ணிக்கை, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாத ஒல்லியான துப்பாக்கிகளை நெருக்கி நிறுத்தினால் மட்டுமே கைகூடுவது. நடைமுறையில் ஒன்றின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் கைப்பிடி, அதாவது தோட்டா ஏற்ற இழுக்கும் பிடி, அடுத்ததன் மரக்கட்டையைக் கீறுகிறது. ஸ்கோப் மாட்டிய ஒன்று இரண்டின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. பதினைந்தாவதைத் திணித்தபோது கதவு மூடவில்லை. வேறு எவருக்கும் இது மோசடியாகத் தோன்றும், என் வீட்டிலோ இதைத்தான் பெட்டகத்தின் தலையாய சிறப்பு என்கிறார்கள்.

பெட்டகத்தின் உயரமும் தன் பங்குக்கு உதவியது. 1891-இல் ரஷ்யப் படை ஏற்றுக்கொண்ட மோசின்-நாகாண்ட் வகையில் மட்டும் என்னிடம் ஐந்து உண்டு: ஒன்றில் தூலா ஆலையின் நட்சத்திர முத்திரை, மற்றொன்றில் இஷெவ்ஸ்க் ஆலையின் முக்கோணத்துக்குள் அம்பு, மீதியைச் சொல்லத் தொடங்கினால் விருந்தினர்கள் எழுந்துவிடுவார்கள். "ஏங்க, அஞ்சும் ஒண்ணுதானே?" என்று மனைவி கேட்டது இன்னும் காதில் ஒலிக்கிறது. இவற்றில் 91/30 என்ற மாதிரி 123 செ.மீ. நீளம், துப்பாக்கிமுனைக் கத்தியைச் செருகினால் ஏறக்குறைய 166 செ.மீ. ஆகிவிடும். கத்தியைச் செருகிய நிலையில்தான் இதற்குக் குறி சரிசெய்தார்கள், ஆகவே கழற்றுவது வரலாற்றுக்குத் துரோகம் என்று நான் நெடுநேரம் வாதாடினேன். பெட்டகத்தின் உட்புற உயரம் 140 செ.மீ.; வாதம் அங்கேயே முடிந்தது.

பூட்டு நன்றாக வேலை செய்கிறது, ஈரத்துக்கு சிலிகா ஜெல் பை போதும், எடையைத் தூக்க நான்கு பேர் வேண்டும். இவற்றில் குறைசொல்ல ஏதுமில்லை. எண் எனக்குத் தெரியும், அதோடு சேர்த்துப் போட வேண்டிய சாவி மனைவியின் கையில். புதிதாக ஒன்றைப் பார்க்கப் போக வேண்டுமானால் உள்ளே இருக்கும் அத்தனையையும் முதலில் துடைத்து எண்ணெய் இட வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் சாவி வெளியே வரும். பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமர் (அடியில் இருந்து தீ மூட்டும் மருந்து) சுடும்போது துப்பாக்கிக் குழலுக்குள் உப்பை விட்டுச்செல்லும், அது ஈரத்தை இழுத்துத் துருவேற்றும், வெந்நீர் ஊற்றிக் கழுவினால்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை ஏழாவது குழலுக்கு வெந்நீர் வைக்கும்போது, எட்டாவதாக இருக்கும் ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்ற எண்ணம் தானாகவே வருகிறது. இதுவரை இரண்டை விற்றிருக்கிறேன்.

ஒரே ஒரு புகார் மிச்சமிருக்கிறது. இதே வகையில் 36 துப்பாக்கி வைக்கக்கூடிய பெரிய பெட்டகத்தின் விளம்பரத் தாளையும் உள்ளே வைத்து அனுப்பியிருந்தார்கள். மனைவி அதை நான்காக மடித்து, பெட்டகத்தின் மேல்தட்டில் வைத்துப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போனார்.