மதிப்பெண்ணா, சான்றுக் கோப்பா?

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் நலப்பணியில் இருப்போர் தம் தொழில்திறனை எடைபோட ஏ.சி.பி.ஏ., நாஸ்பா ஆகிய இரு தொழில்முறைச் சங்கங்களும் இணைந்து வெளியிட்ட திறன் வரையறை உதவுகிறது. 2010இல் வந்து 2015இல் திருத்தப்பட்ட அந்த ஆவணம் 10 திறன் புலங்களையும், ஒவ்வொன்றிலும் அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்ற 3 படிகளையும் வகுக்கிறது. மாணவர் விடுதி அலுவலகத்தில் பணியாற்றும் நான் அதை இரு வழிகளில் பயன்படுத்திப் பார்த்து, இரண்டாவதையே கைக்கொண்டிருக்கிறேன்.

முதல் வழி, ஆவணத்திலுள்ள ஒவ்வொரு திறன் கூற்றுக்கும் நமக்கு நாமே 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவது. ஒரே மாலையில் முடிந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவருக்கு, தாம் இன்னும் தொடாத புலம் எது என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டாவது வழியில், நான் இந்தப் படியில் இருக்கிறேன் என்று சொல்லும் இடத்திலெல்லாம் செய்த வேலையொன்றைச் சான்றாக இணைத்து, அதை மேலாளரிடம் காட்டிப் பேச வேண்டும். உழைப்பு கூடுதல்தான். ஆனால் ஓராண்டு கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது எது நமக்கு விளங்குகிறது என்பதே என் முடிவைத் தீர்மானித்தது. சட்டம், கொள்கை, ஆளுகை ஆகியவை அடங்கிய புலத்தில் எனக்கு நானே 4 இட்டிருந்தேன். மறு ஆண்டு அந்த எண்ணைப் பார்த்தபோது, எதை நம்பி இட்டேன் என்பது எனக்கே நினைவில்லை. சான்று தேடியபோது கிடைத்தது, ஒரு தாயின் தொலைபேசி அழைப்பைப் பற்றிய குறிப்பு. மகனின் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவை அவர் கேட்டிருந்தார். மாணவர்களின் கல்விப் பதிவுகளின் தனியுரிமையைக் காக்கும் 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்தபின் பதிவின் மீதான உரிமை மாணவருடையது என்று சொல்லி மறுத்துவிட்டேன். வருமான வரிக் கணக்கில் பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவரின் பதிவைக் கல்லூரி விரும்பினால் பெற்றோரிடம் பகிரலாம் என்ற விலக்கையோ, அதில் எங்கள் கல்லூரியின் நிலைப்பாட்டையோ நான் பார்க்கவேயில்லை. நான் அடிப்படைப் படியைக்கூட முழுதாகத் தாண்டவில்லை என்பதை அந்த ஒரு குறிப்பு காட்டிவிட்டது.

இந்தச் சான்றுக் கோப்பைப் பராமரிக்க மாதக் கடைசியில் அரைமணி நேரம் போதும். மாணவர்களின் பெயர்களையும் அடையாளங்களையும் நீக்கிய பிறகே எதையும் அதில் சேர்க்க வேண்டும். இதில் தளர்வே கூடாது.

உயர்நிலைப் படியில் இம்முறை எப்படி அமையும் என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை. மதிப்பீட்டைக் கேட்கும் மேலாளரே ஊதிய உயர்வையும் முடிவு செய்யும் அலுவலகங்களில் எவராலும் குறையை மனம்திறந்து எழுத முடியுமா என்பதிலும் எனக்கு ஐயமுண்டு; அங்கே கோப்பை முதலில் வேறு பிரிவைச் சேர்ந்த மூத்த சகபணியாளர் ஒருவரிடம் காட்டுவதையே நான் விரும்புவேன்.