வெளி இங்க்: பாஸ்போர்ட் போட்டோவுக்குச் சரி, சாமி அறைப் படத்துக்கு ஆகாது

விலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வெளி இங்க், அதாவது பிரிண்டர் கம்பெனி அல்லாத மற்றவர்கள் செய்து விற்கிற மலிவு இங்க், வாங்கப் போகிற எல்லாரும் அங்கிருந்துதானே ஆரம்பிக்கிறோம். எப்சன் எல்805 பிரிண்டருக்குக் கம்பெனி இங்க் 70 மில்லி பாட்டில் ஒன்று வாங்குகிற காசில், சென்னை ரிச்சி தெருவில் 100 மில்லி பாட்டில் மூன்று வாங்கி வந்துவிடலாம். கருப்பு, சயான் என்கிற நீலம், மெஜந்தா என்கிற ரோஜாச் சிவப்பு, மஞ்சள், லைட் சயான், லைட் மெஜந்தா, ஆறும் சேர்த்து ஒரே அட்டைப்பெட்டி. நான் வாங்கியது எந்தப் பிராண்ட் என்று இங்கே போடப்போவதில்லை. பாட்டில் எல்லாம் ஒன்று போலவே இருக்கிறது, ஸ்டிக்கர்தான் கடைக்குக் கடை மாறுகிறது. பெயரைச் சொல்லி உங்களுக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

எங்கள் ஸ்டூடியோ மன்னார்குடியில், தாலுகா ஆபீஸ் போகிற வழியில். கல்யாணம், காதுகுத்து எல்லாம் தம்பி எடுப்பான். ஆல்பம் லேபுக்குப் போய்விடும். கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் சைஸ், ஸ்டாம்ப் சைஸ், மேக்ஸி என்கிற கொஞ்சம் பெரிய சைஸ், பிவிசி பிளாஸ்டிக் கார்டு போடுவது நான். ஜூன் மாதம் ஸ்கூல் திறந்தால் மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்குத்தான். அந்த மாதிரி ஓட்டத்தில் லைட் சயானும் லைட் மெஜந்தாவும்தான் முதலில் காலியாகும். வெளிர்நீலப் பின்னணி, முகத்தின் வெளிச்சமான பகுதி எல்லாம் அந்த இரண்டில்தான் வருகிறது. கருப்பு டேங்க் பாதிகூட இறங்கியிருக்காது.

மாற்றும்போது டேங்கில் மிச்சமிருந்த பழைய இங்க்கை சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் புதியதை ஊற்றினேன். இரண்டு கம்பெனி இங்க் கலந்தால் சில சமயம் திரிந்து கொழகொழவென்று ஆகிவிடும், அது குழாயில் போய் நின்றால் நம் பாடு திண்டாட்டம். ஊற்றி முடித்து, இங்க்கைத் தெளிக்கிற ஹெட்டுக்குக் கிளீனிங் கொடுத்து, துளையெல்லாம் திறந்திருக்கிறதா என்று பார்க்கிற நாஸில் செக் பிரிண்ட் எடுத்தால் ஆறு கலரிலும் ஒரு கோடு விடாமல் வந்தது. அட, இவ்வளவுதானா என்றிருந்தது.

முதல் மேக்ஸி வெளியே வந்ததும்தான் விஷயம் தெரிந்தது. மாநிறமான ஒரு அம்மா, பாட்டில் பச்சைச் சேலை. சேலை அச்சு அசலாக இருந்தது. நெற்றியும் கன்னமும் சிவந்து, தாடைக்குக் கீழே நிழல் விழுகிற இடம் மட்டும் பாசி பிடித்த பச்சை. நரைமுடி இன்னும் மோசம், ஓரமெல்லாம் ஊதா. இது இங்க் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. எந்தப் பேப்பருக்கு எந்தக் கலரில் எவ்வளவு சொட்டு விட வேண்டும் என்று கம்பெனி இங்க்கை வைத்து அளந்துதான் டிரைவர், அதாவது கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டரை ஓட்டுகிற சாஃப்ட்வேர், எழுதியிருக்கிறார்கள். நாம் ஊற்றியது வேறு சரக்கு என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்? அது பழைய கணக்கிலேயே விடுகிறது, நிறம் தப்புகிறது.

இதைச் சரிபண்ண முகத்தைப் பார்த்து உட்கார்ந்தால் நாள் போய்விடும். வெள்ளையிலிருந்து கருப்பு வரை சாம்பல் கட்டங்களாக ஒரு பட்டை போட்டுப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் பச்சை அடிக்கிறது, எங்கே சிவக்கிறது என்று கண்ணுக்கு உடனே தெரியும். அதை வைத்து போட்டோஷாப்பில் நிறத்தைக் கூட்டிக் குறைக்கிற கர்வ்ஸ் திருத்தத்தை ஒரு ஆக்‌ஷனாகப் பதிந்து வைத்திருக்கிறேன், பிரிண்ட் கொடுக்கும் முன் ஒரு தட்டு. முறையாகச் செய்வதென்றால் கலர் சார்ட் பிரிண்ட் எடுத்து, அளக்கிற கருவியில் படித்து, அந்த இங்க்குக்கும் அந்தப் பேப்பருக்கும் என்றே ஐசிசி புரொஃபைல் என்கிற நிறத் திருத்தப் பைல் செய்ய வேண்டும். பேப்பர் மாறினால் புரொஃபைலும் மாறும். அதைவிடப் பெரிய தொல்லை, வெளி இங்க்கில் அடுத்த பாட்டில் இதே நிறத்தில் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இரண்டாவது பெட்டி மெஜந்தா முதல் பெட்டியைவிட ஒரு சுற்று அழுத்தமாக இருந்தது. கர்வ்ஸ் திரும்ப முதலிலிருந்து.

அடுத்தது எல்லாரும் பயப்படுகிற ஹெட் அடைப்பு. எப்சன் ஹெட்டில் சூடு கிடையாது. பீசோ என்கிற பொருள் மின்சாரம் பட்டதும் நெளிந்து இங்க்கைத் தள்ளும். எல்805 விடுகிற மிகச் சின்னச் சொட்டு 1.5 பிகோலிட்டர் (ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிகோலிட்டர்). அந்த அளவுக்கு இங்க்கின் கெட்டித்தன்மை கொஞ்சம் கூடினாலும் சொட்டு ஒழுங்காகப் போய் விழாது. கேனான், எச்பி ஹெட் வேறு மாதிரி, அங்கே இங்க்கைச் சூடாக்கிக் குமிழி விட்டுத் தள்ளுகிறார்கள், மட்டமான இங்க் என்றால் அந்தச் சூட்டில் படிவு படிந்துவிடும். கேனான் ஜி சீரிஸில் ஹெட்டைக் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். எப்சனில் ஹெட் மெஷினோடு சேர்ந்தது. ஹெட் போனால் மெஷினையே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்குச் செலவு.

எங்கள் கடையில் கோடை முழுக்க ஒரு பிரச்சினையும் இல்லை. பொங்கல் லீவு முடிந்து கடை திறந்தபோதுதான் லைட் மெஜந்தாவில் கோடு விட்டது. கிளீனிங் கொடுத்தும் அதே இடம். தஞ்சாவூரிலிருந்து மெக்கானிக் தம்பி வந்து ஹெட்டுக்கு முன்னால் இங்க்கை வடிகட்டி விடுகிற டேம்பரைக் கழற்றி வெள்ளை டிஷ்யூவில் வைத்துக் காட்டினார். உள்ளே இருக்கிற சல்லடையில் மருதாணி அரைத்த விழுது மாதிரி கருஞ்சிவப்பாக ஒரு படலம். "அக்கா, ஹெட்டு நல்லாத்தான் இருக்கு. இது வரைக்கும் வந்து நின்னுருக்கு, உங்க நல்ல நேரம்" என்றார். டேம்பர் மாற்றிய கூலியோடு சேர்த்துப் பார்த்தால், அந்தப் பெட்டியில் மிச்சம் பிடித்ததில் பாதி போயிற்று. வாரண்டி இருக்கிற மெஷின் என்றால் வெளி இங்க் ஊற்றிவிட்டு ஹெட்டுக்குக் கம்பெனியிடம் போய் நிற்க முடியாது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி கிளீனிங் கொடுப்பதும் சும்மா இல்லை. உறிஞ்சுகிற இங்க் எல்லாம் அடியில் இருக்கிற வேஸ்ட் இங்க் பேடில்தான் போய்ச் சேருகிறது. பேட் நிறைந்த கணக்கு வந்தால் மெஷின் நின்றுவிடும். பேடை மாற்றாமல் ரீசெட் மட்டும் போட்டு ஓட்டுகிறவர்கள் ஒரு நாள் மேஜைத் துணியில் கலர் பார்ப்பார்கள்.

எது எப்படியோ, கலரும் அடைப்பும் நம் கடைக்குள் முடிகிற விவகாரம். வெளுப்புதான் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது.

ஒரே கல்யாணப் படம், ஒரே 180 ஜிஎஸ்எம் கிளாஸி பேப்பர், கம்பெனி இங்க்கில் ஒன்று, வெளி இங்க்கில் ஒன்று. இரண்டிலும் பாதியைக் கருப்பு அட்டையால் மறைத்து ஷோகேஸ் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டி வைத்தேன். மேற்குப் பார்த்த கடை, மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக அடிக்கும். தீபாவளிக்கு ஷோகேஸ் துடைக்கும்போது எடுத்துப் பார்த்தேன். கம்பெனி இங்க்கிலும் வெளுப்பு இருந்தது, ஆனால் அட்டையை எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும். வெளி இங்க் படத்தில் மெஜந்தா ஓடியே போய்விட்டது. பெண்ணின் அரக்குச் சேலை செங்கல் நிறம், முகம் மஞ்சள் காமாலை. மறைத்த பாதி மட்டும் நேற்று போட்டது போல் பளிச்சென்று.

வெயில் படாத இடத்திலும் தப்பிக்க முடியாது. லேமினேஷன், கண்ணாடி எதுவும் இல்லாமல் சுவரில் குத்தி வைத்தால் காற்றில் இருக்கிற ஓசோன் சயானைத் தின்றுவிடும், படம் சிவந்துபோகும். சீக்கிரம் காய்கிற பேப்பர்களின் மேல்பூச்சில் நுண்துளைகள் இருக்கும், சாயம் அதில் காற்றுக்குத் திறந்தே கிடக்கிறது. கம்பெனி இங்க்குக்கும் இது நடந்திருக்கிறது. 2000-இல் எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்களில் கம்பெனி இங்க், கம்பெனி பேப்பரில் போட்ட படங்களே ஆரஞ்சாக மாறிப்போய்ப் பெரிய பேச்சானது. இங்க்கைத் திட்டும்போது பேப்பரையும் சேர்த்துத் திட்ட வேண்டும்.

சாவு வீட்டுப் படத்தை நினைத்துத்தான் இதையெல்லாம் பார்த்தேன். ஆதார் கார்டில் இருக்கிற முகத்தையோ, யாரோ கல்யாணப் பந்தியில் எடுத்த போட்டோவையோ கொண்டுவந்து, "சாயங்காலத்துக்குள்ள வேணும்மா, மாலை போடணும்" என்பார்கள். லேபுக்கு அனுப்பிக் காத்திருக்க முடியாது. கடையிலேயே போட்டு, பிரேம் மாட்டிக் கொடுத்தாக வேண்டும். அது கூடத்திலோ சாமி அறையிலோ சீரோ வாட்ஸ் பல்புக்குக் கீழே காலம் முழுக்க இருக்கப்போகிற படம். பக்கத்திலேயே அந்த வீட்டுத் தாத்தாவின் பழைய புரோமைடு படம் கருப்பு வெள்ளையில் கல்லு மாதிரி தொங்கும். நாம் கொடுத்தது இரண்டு வருஷத்தில் மஞ்சளடித்தால், எதிர்த்த கடைக்குப் போக அவர்களுக்குத் தெரியாதா?

அதனால் இப்போது இரண்டு மெஷின். பழைய எல்805-இல் வெளி இங்க்: பாஸ்போர்ட், ஸ்டாம்ப், ஸ்கூல் ஐடி, ப்ராஜெக்ட் பிரிண்ட். விண்ணப்பத்தில் ஒட்டி, சீல் குத்தி, பைலுக்குள் போகிற போட்டோ எப்போது வெளிச்சத்தைப் பார்க்கப்போகிறது? அந்த வேலைக்கு இந்த இங்க் போதும், நாலு நட்சத்திரம் கொடுப்பேன். மேக்ஸிக்கு மேல் எதுவானாலும், பிரேமுக்குப் போகிற எதுவானாலும் எல்8050, கம்பெனியின் 057 இங்க். அந்த வேலைக்கு வெளி இங்க்குக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது.

வாங்கப்போகிறவர்கள் டை இங்க்தானா (சாயம் கரைந்திருக்கிற இங்க்; பிக்மென்ட் என்றால் கரையாத நிறத்தூள் மிதக்கிற இங்க்) என்று கேட்டு வாங்குங்கள். எல்805 டை இங்க் மெஷின். "பிக்மென்ட், வெளுக்கவே வெளுக்காது" என்று கொடுப்பார்கள், கிளாஸி பேப்பரில் அது தேய்த்தால் கையோடு வருவதையும் ஹெட்டில் சீக்கிரம் படிவதையும் சொல்ல மாட்டார்கள். மூடிக்கு அடியில் சீல் இருக்கிறதா, தயாரித்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். லிட்டர் கேனிலிருந்து ஊற்றிக் கொடுப்பதைத் தொடவே தொடாதீர்கள். ராத்திரி கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை அணைக்காமல் பிரிண்டரின் பட்டனை அமுக்கி அணையுங்கள், ஹெட் போய் மூடியில் உட்கார்ந்துகொள்ளும். வேலை இல்லாத நாளிலும் ஆறு கலரும் வருகிற மாதிரி ஒரு படம் போடுங்கள், பண்டிகை லீவில் அவசியம்.

பிரேம் படத்துக்கு இப்போது ஐம்பது ரூபாய் கூட்டித்தான் வாங்குகிறேன். "ஏங்க்கா கூட?" என்று கேட்டால் ஷோகேஸில் ஒட்டி வைத்த அந்த இரண்டு படத்தையும் எடுத்துக் காட்டுவேன். இதுவரை யாரும் பேரம் பேசவில்லை.