பேக்கார்ட் 120: பெயின்ட்டை விடுங்க, என்ஜின் பிளாக்கைப் பாருங்க

பெங்களூருல பழைய அமெரிக்கக் கார் வாங்கி, சும்மா ஷெட்டில் நிறுத்தாமல் ஓட்டவும் ஆசைப்படுபவர்களுக்கு 1935, 36 மாடல் பேக்கார்ட் 120 அருமையான வண்டி. பேக்கார்ட் கார்களில் ஹைட்ராலிக் பிரேக்கும், முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷனும் முதலில் வந்தது இதில்தான். நேர்வரிசையில் எட்டு சிலிண்டர். 35-இல் 4.2 லிட்டர், 110 குதிரைசக்தி, 36-இல் 4.6 லிட்டர், 120. டாப் கியரில் ஊர்ந்துவிட்டு, கியர் மாற்றாமலே திரும்ப இழுக்கும். கிடைத்தால் 36-ஐயே எடுங்கள்.

தலைவலி கூலிங்கில்தான். ரேடியேட்டர் மூடியில் பிரஷர் கிடையாது. இந்த ஊர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெறும் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். குளிர்ந்த ஊர்தானே என்று அசட்டையாக இருந்தால் சில்க் போர்டு நெரிசலில் பொங்கும்.

என்ஜின் பிளாக்குக்குள் முன்னிருந்து பின்வரை ஒரு மெல்லிய தகரக் குழாய் போகிறது. வால்வுகளுக்குப் பக்கத்தில் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் தண்ணீர் முன்பக்கமே வெளியேறிவிடும். பின்கோடியில் இருக்கும் 7, 8ஆம் சிலிண்டர்கள் காயும். சேறும் அங்கேதான் அடையும். மீட்டர் நார்மல் காட்டிக்கொண்டிருக்க, பின் வால்வுகள் கருகிக்கொண்டிருக்கும். வாங்கும் முன் அரை மணி நேரம் ஐடிலில் ஓடவிட்டு, லேசர் தெர்மாமீட்டரால் சிலிண்டர் ஹெட்டின் முன்னும் பின்னும் பாருங்கள். பின்பக்கம் ரொம்பச் சூடென்றால் குழாய் போய்விட்டது என்றே சந்தேகப்படுங்கள். விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள்.

குழாயை மாற்ற, ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் கழற்றி முன்பக்கமாக உருவ வேண்டும். பெரும்பாலும் பாதியில் ஒடியும். கொக்கி போட்டுத் துண்டு துண்டாக எடுக்கணும். அவசரப்பட்டு அடித்துவிடாதீர்கள். புதுக் குழாய் பித்தளையில் போடுங்கள், ஓட்டைகள் பழையதன் அளவிலும் இடத்திலும் இருக்கட்டும். போடும் முன், சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் ஜாக்கெட்டைப் பின்னாலிருந்து முன்னால் ஃபிளஷ் செய்யுங்கள்.

கரன்ட் 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் 12 வோல்ட் வண்டிக்கான பேட்டரி கேபிளை மாட்டிவிடுவார்கள். அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடுகிறது. ஒல்லிக் கேபிள் போதாது. சூட்டில் ஸ்டார்ட்டர் முனகுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். 70 சதுர மி.மீ. வெல்டிங் கேபிள் போட்டு, எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டால் போதும். 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய பம்ப் டயாஃப்ரத்தைக் கெடுக்கும். எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றுங்கள். நெரிசலில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றால் கைகொடுக்க, டேங்க் அருகில் 6 வோல்ட் எலெக்ட்ரிக் பம்ப் ஒன்றைத் தனி ஸ்விட்சோடு வையுங்கள். கியர்பாக்ஸில் ஜிஎல்-4 தர கியர் ஆயில் மட்டும். ஜிஎல்-5, கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கும்.

2021 விதிப்படி விண்டேஜ் பதிவுக்குப் புதிதாக 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். அந்த நம்பரில் தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது.