சமையலறைக் கழிவுக்கு எது: குழாயா, கலனா, அடுக்குப் பானையா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் பிளாஸ்டிக் குப்பைக்கு வழி பிறந்துவிட்டது. வீடுகளில் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதாமாதம் வாசலுக்கே வந்து, 50 ரூபாய் வாங்கிக்கொண்டு, கழுவிக் காயவைத்த பால் கவர்களை எடுத்துப் போகிறார்கள். வெயிலில் வீடு வீடாக நடக்கும் அவர்களிடம் அழுக்குக் கவரை நீட்டக் கூடாது. காய்த்தோலும் மீந்த சோறும் அவர்கள் கணக்கில் வராது. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலோ அடுத்த வீட்டிலோ மாடு இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், கழுநீர்த் தொட்டிதான். ஆனால் சோறு அளவோடு போகட்டும். விருந்தில் மிஞ்சியதை மொத்தமாகக் கொட்டினால் மாட்டின் வயிற்றில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகும்.

மாடில்லாத வீட்டுக்குக் குழாய் உரம் மலிவு. இரண்டு பிவிசி குழாய்களைச் செங்குத்தாக நட்டு, ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததில் போடுவது. மழை ஓயாத ஊர்களில் அடியில் தண்ணீர் தேங்கி நாறும். பாலக்காட்டின் கிழக்கில் மழை குறைவு என்பதால் நமக்கு அந்தத் தொல்லை கம்மி. ஆனாலும் உள்ளே காற்று ஓடாது. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் முதல் குழாய் மட்கும் முன்பே இரண்டாவதும் நிறைந்துவிடும்.

கழிவிலிருந்து அடுப்புக்கு வாயு தரும் எரிவாயுக் கலன்மேல்தான் எல்லாருக்கும் ஆசை. 1 கனமீட்டர் கலனுக்குத் தினமும் சுமார் 5 கிலோ கழிவு வேண்டும். சின்னக் குடும்பத்தில் அதற்கு எங்கே போவது? எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, வெங்காயச் சருகு எதையும் அதில் போடவும் முடியாது. கசிவு இருந்தால் வெளியேறும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். விடுதி, கல்யாண மண்டபம், கூட்டுக் குடும்பம் என்றால் தாராளமாக வைக்கலாம். வெளிவரும் கரைசல் வாழைக்கும் தென்னைக்கும் அருமையான உரம்.

நாலு பேர் வீட்டுக்கு என் தேர்வு, மூன்றடுக்குப் பானை; அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய, துளையிட்ட மூன்று உரப் பானைகள். துளை வழியே காற்று ஓடுவதால் நாற்றம் வராது. கழிவைத் தண்ணீர் வடித்துப் போட்டு, மேலே ஒரு கைப்பிடி தென்னை நார்த்தூள் தூவினால் போதும். நார்த்தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். காய்கறிக் கழிவில் குறைவாக இருக்கும் கரிமத்தையும் அதுவே தரும். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் பொள்ளாச்சி முழுக்கத் தென்னை நார்க் கயிறு ஆலைகள். நார்த்தூளுக்கு நமக்கென்ன பஞ்சம்? கடையில் நுண்ணுயிர் கலந்தே விற்கிறார்கள். வெறும் தூள் என்றால் கொஞ்சம் புளித்த மோரோ சாணிக் கரைசலோ தெளித்துக்கொள்ளலாம். பங்குனி, சித்திரையில் பானை காய்ந்துபோகும், அப்போது மட்டும் தண்ணீர் தெளியுங்கள். புழு தென்பட்டால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். தூளைக் கூட்டினால் அடங்கும்.

இவற்றுக்கு ஊராட்சி மானியம் தருவதுண்டு. கிராம சபையில் பயனாளிப் பட்டியல் போடும்போது, எது வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள். பானையோடு நார்த்தூளும் தொடர்ந்து கிடைக்குமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.