பிபி நோட்டா, ஐசிடி கோடா? கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் ஒப்பீடு

எங்கள் பக்கம் ஒருவருடைய ரத்த அழுத்தம் பெரும்பாலும் மூன்று இடங்களில் எழுதப்படுகிறது. ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கும்போது காட்டும் நோட்டு. இரண்டு, வீட்டுக்கே வந்து பார்க்கும் சுகாதாரத் தன்னார்வலரின் பதிவு. மூன்று, அட்மிட் ஆனால் ஆஸ்பத்திரி கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியும் அதை வைத்துப் போடும் ஐசிடி கோடும், அதாவது ஒவ்வொரு நோய்க்கும் உலக அளவில் வைத்திருக்கும் குறியீடு. நான் மெடிக்கல் கோடிங் வேலையில் இருப்பவன். அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டை, அதாவது டாக்டர் எழுதிய சிகிச்சைக் குறிப்புகளைப் படித்துக் கோடு போடுகிறேன். வீட்டில் அம்மாவும் பெரியம்மாவும் பிபி மாத்திரை சாப்பிடுகிறார்கள். அதனால் இந்த மூன்றில் எது உருப்படியான பதிவு என்ற கேள்வி எனக்கு முக்கியமானது.

நோட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். தேதி, 154/94, கீழே பிபி மாத்திரையான அம்லோடிபின் 5 மி.கி., 0-0-1 (இரவு மட்டும் ஒன்று), 30 மாத்திரை. அடுத்த மாதம் 146/90. அதற்கடுத்த மாதம் 138/86. மாத்திரை வேலை செய்கிறதா என்று டாக்டர் ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். வேறெந்தப் பதிவிலும் இது இவ்வளவு சுலபமில்லை. நோட்டு மஞ்சப்பையில் கூடவே போகும், ஓசூர் போனாலும் பெங்களூரு போனாலும். ஆனால் மாதாமாதம் 130/80, 140/90 என்று பூஜ்ஜியத்தில் முடியும் எண்ணாகவே இருந்தால் நான் நம்ப மாட்டேன். கையால் பம்ப் செய்யும் கருவியில் பார்ப்பவர்கள் கடைசி இலக்கத்தைப் பூஜ்ஜியமாக்கிவிடுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம். நோட்டின் பெரிய குறை வேறு: எத்தனை பக்கம் புரட்டினாலும் நோயின் பெயர் இருக்காது. என்ன நோய், எப்போதிருந்து, கிட்னியோ இதயமோ பாதிக்கப்பட்டிருக்கிறதா, ஒன்றும் தெரியாது.

தன்னார்வலரின் பதிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர் வருவது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில்; அது 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. ஓபி நேரத்தில் மாந்தோப்பிலோ செங்கல் சூளையிலோ இருப்பவரைத் தேடிப் போய் பிபி பார்ப்பதும், மாத்திரை வாங்க வராமல் விட்டவர் யார் என்று கண்டுபிடிப்பதும் இதன் பலம். பலவீனம், அந்தப் பதிவு நோயாளியின் கையில் இல்லை. பெங்களூரு டாக்டரின் மேஜையில் அது தானாக வந்து நிற்காது.

இனி கோடு. அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் ஐசிடி-10-சிஎம் என்ற அந்த நாட்டுப் பதிப்பு. அங்கே கோடருக்கு முதலில் சொல்லித்தருவது, எண்ணைப் பார்த்து நோயை எழுதாதே என்பதுதான். சார்ட்டில் மூன்று விசிட்டிலும் 168/102 இருக்கலாம், மருந்துப் பட்டியலில் அம்லோடிபினும் இருக்கலாம். டாக்டர் 'ஹைப்பர்டென்ஷன்' (ரத்த அழுத்த நோய்) என்று எழுதவில்லையென்றால் அதற்கான கோடு ஐ10 போட முடியாது; டாக்டரிடம் கேள்வி அனுப்ப வேண்டியதுதான். 'இன்று பிபி கூடுதல், நோய் என்று இன்னும் முடிவாகவில்லை' என்று அவர் எழுதியிருந்தால் ஆர்03.0. இதயச் செயலிழப்பும் சேர்ந்து இருந்தால் ஐ11.0. நாள்பட்ட கிட்னி பாதிப்பு 1 முதல் 4-ஆம் நிலைக்குள் இருந்தால் ஐ12.9, 5-ஆம் நிலையோ டயாலிசிஸோ என்றால் ஐ12.0. இரண்டு உறுப்பும் என்றால் ஐ13. பிபிக்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டு என்றே அமெரிக்க விதி எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் டாக்டர்தான் தெளிவாக மறுத்து எழுத வேண்டும்.

ஆக, நோட்டில் இல்லாத பெயர் கோடில் இருக்கிறது, எந்த உறுப்பு என்பது உட்பட. சரி, கோடில் விட்டுப்போவது என்ன? எண். 142 உள்ளவரும் 178 உள்ளவரும் ஐ10தான். கட்டுக்குள் இருக்கிறது, இல்லை என்ற வித்தியாசமும் அந்தக் கோடில் கிடையாது. 2016 அக்டோபரில் திடீர் உச்ச அழுத்தத்துக்கு ஐ16 வந்தது. 2023 அக்டோபரில், பல மருந்துக்கும் அடங்காத பிபிக்கு ஐ1ஏ.0 வந்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11, மேல் அளவு மட்டும் ஏறுவதற்குத் தனிக் கோடு வைத்திருக்கிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் அம்மாவுக்குப் போன மாதத்தைவிட இந்த மாதம் தேவலையா என்று கேட்டால் இவற்றில் எதிலும் பதில் இல்லை.

பணம் சம்பந்தப்படும் இடத்தில்தான் எனக்கு மிகவும் கவலை. பைக்கிலிருந்து விழுந்து, கால் எலும்பு முறிந்து, வலியில் துடிக்கிற ஒருவர் கேஷுவால்டிக்கு வருகிறார். பிபி 160/100. அவசரத்தில் கேஸ் ஷீட்டில் 'கே/சி/ஓ ஹெச்டிஎன்', அதாவது ஏற்கெனவே ரத்த அழுத்த நோய் உள்ளவர் என்று எழுதிவிடுகிறார்கள். அதுவே டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் ஏறுகிறது. பாலிசி எடுத்தபோது இதை ஏன் சொல்லவில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேட்க இந்த ஒரு வரி போதும். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பை 2024-இல் நான்கு வருடத்திலிருந்து மூன்றாகக் குறைத்திருக்கிறார்கள். ஆனால் இல்லாத நோய்க்கு மூன்று வருடம் எதற்குக் காத்திருக்க வேண்டும்? வலியில் ஏறிய அழுத்தம், ஆறியபின் மறுபடி பார்க்கவும் என்று எழுதியிருந்தால் அது ஆர்03.0-ஓடு நின்றிருக்கும். வலி இல்லாத வேறு நாட்களில் பார்த்தும் 140/90-க்குக் குறையவில்லை என்றால் அப்புறம் நோய் என்று எழுதட்டும்.

வைத்தியத்துக்கு எது என்று கேட்டால் நான் நோட்டின் பக்கம். இன்சூரன்ஸ் கிளைமுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கோடு இல்லாமல் முடியாது. இரண்டுக்கும் ஒருசேர உதவுவது டாக்டர் கையால் எழுதும் ஒரு வரி: 'ரத்த அழுத்தம், 2019 முதல், இரண்டு மாத்திரை, இன்னும் கட்டுக்குள் இல்லை, கிட்னி பாதிப்பு 3-ஆம் நிலை, டெல்மிசார்ட்டன் கூட்டியுள்ளது, கிரியேட்டினின் மறுபடி பார்க்கவும்.' (டெல்மிசார்ட்டன் ஒரு பிபி மருந்து; கிரியேட்டினின் கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை.) நோயைக் கண்காணித்தாரா, நிலையைச் சொன்னாரா, மருந்து கொடுத்தாரா என்று, போட்ட கோடைச் சரிபார்க்கும் எங்கள் ஆடிட்டர்கள் தேடுவதெல்லாம் இதில் இருக்கிறது. ஐ12.9 போட என்னைப் போன்ற கோடருக்கு இது போதும். அடுத்த டாக்டருக்கும் போதும்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஓபி கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, டாக்டருக்கு ஏது நேரம் என்றுதான் தோன்றும். மாதாமாதம் வேண்டாம். மருந்து மாறும்போதும் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்போதும், நோட்டின் முதல் பக்கத்தை நீட்டி ஒரு வரி கேளுங்கள். நர்ஸ் எழுதித் தந்தாலும் டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்; நோயின் பெயர் டாக்டர் சொன்னதாக இருந்தால்தான் கோடிங்கில் எடுபடும்.