பேரில்லாத நோக்குளிசைக்குக் கட்டிய 42,600 ரூபா

கிளிநொச்சிப் பக்கம் உள்ளவர்கள் கட்டாயம் வாசியுங்கள். ஏ9 வீதியோரத்து பாமசி ஒன்று, பேர் போடவில்லை.

அப்பாவின் முதுகில் 2009 யுத்தத்தில் பட்ட செல் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. டைக்குளோபெனாக் என்ற நோக்குளிசை தொடர்ந்து போட்டால் கிட்னிக்குக் கூடாது என்று கிளினிக்கில் நிறுத்திவிட்டார்கள், அதுக்குப் பிறகுதான் இந்தக் கடை. கடைக்காரர் "ஐயா, இருங்கோ" என்று கதிரை போட்டு, காசு வாங்காமல் பிரஷர் பார்த்து, எந்த முகாமில் இருந்தனீங்கள் என்று விசாரித்து, தன்ர மாமாவுக்கும் இதே காயம்தான் என்றார். முகாம் கதை வந்ததும் அப்பா முழுசாக நம்பிவிட்டார். "இது நரம்புக் குளிசை ஐயா, கிட்னிக்கு ஒன்றும் செய்யாது, பழக்கமும் ஆகாது." டொக்டரின் துண்டு கேட்கவில்லை. வெள்ளைக் கவரில் உதிரியாகத் தந்தார்.

முதலில் நல்ல சுகம்தான், அப்பா வயலுக்கும் போனார். அப்புறம் விலை ஏறப்போகுது, ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டுங்கோ என்றார், நெல் வித்த காசில் 42,600 ரூபா கட்டினோம். ஒரு குளிசை மூன்றானது. மலச்சிக்கல், பகலெல்லாம் தூங்கி விழுதல். ஒருநாள் "ஸ்டொக் முடிஞ்சுது" என்றார்கள். அன்றிரவே வியர்வை, நடுக்கம், வயிற்றோட்டம், நோ முந்தியதைவிட மோசம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கவரைக் கொட்ட, அடியில் ஒட்டியிருந்த மட்டைத் துண்டில் ட்ரமடோல் என்று இருந்தது. அபின் இனத்து மருந்து. புற்றுநோய்க்கும் ஆபரேஷனுக்குப் பிறகும் கொடுப்பார்களாம், ஆனால் இப்படி வருடக்கணக்கில் இருக்கும் நோவுக்கு மாதக்கணக்கில் போட்டால் பலன் தேய்ந்து அளவு ஏறும், சிலருக்கு நோவே கூடும். கிட்னி பலவீனமென்றால் மருந்து உடம்பில் தேங்கும். கிட்னிக்கு ஒன்றும் செய்யாதாம்!

கடைக்குப் போனால் முதலாளி கொழும்பில். பிறகு "பில் இருக்கா தங்கச்சி?" பில் தந்தால்தானே இருக்கும். கடைசியில் "உங்கட அப்பாவை எனக்குத் தெரியாது" என்கிறார், பிரஷர் பார்த்த அதே மனுசன். 42,600 ரூபா, ஒரு சதமும் திரும்பவில்லை. உணவு மருந்துப் பரிசோதகரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை நடுங்குது. பேரில்லாத குளிசை வாங்காதீர்கள். பில் கேளுங்கள். ட்ரமடோலோடு சாராயமோ நித்திரைக் குளிசையோ சேர்ந்தால் மூச்சே நிற்கலாம், வலிப்பும் வரலாம். ஏற்கெனவே போடுபவர்கள் சடாரென்று நிறுத்தவேண்டாம், டொக்டரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அந்தக் கடை எது என்று இன்பொக்ஸில் கேட்காதீர்கள்.