ஏழு ஆண்டு ட்ரெய்லர் வாழ்க்கை: எதிரி தண்ணீர்தான்

முதல் ஒழுகலைக் கண்டவள் மகள். மேல்படுக்கையின் மூலையில் அவள் தலையணை நனைந்திருந்தது. 2018 அக்டோபரில் புதிதாக வாங்கிய, வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் 24 அடி வீட்டு ட்ரெய்லருக்கு அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஓராண்டு உத்தரவாதம் இருந்ததால் விற்றவர்களிடமே பழுதுக்கு விட்டேன். திரும்பக் கைக்கு வர ஏழு வாரம் ஆனது. மிச்சிகனில் கோடையே கொஞ்ச காலம்தான். அதில் பாதி அவர்களுடைய முற்றத்தில் கழிந்தது. வந்தபின் பெய்த முதல் மழையில் அதே மூலை மீண்டும் ஒழுகியது.

அன்று ஏணி போட்டு நானே கூரையில் ஏறினேன். காற்றுப்போக்கியைச் சுற்றிப் பூசியிருந்த சீலண்ட் (நீர் புகாமல் இடுக்கை அடைக்கும் பசை) ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் பெயருக்கும் இருந்தது. கழற்றிப் பார்த்தால், அடியில் இருக்க வேண்டிய பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் பட்டை பாதியில் நின்றிருந்தது. ஒரு குடும்பம் உறங்கும் கூரையில் இப்படியா வேலை செய்வது என்ற கோபம் இன்னும் தணியவில்லை.

அமெரிக்காவின் ட்ரெய்லர்களில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்து எல்க்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. பலவற்றில் சுவர் என்பது மெல்லிய ஒட்டுப்பலகைமேல் ஒட்டிய ஃபைபர்கிளாஸ். சாலையில் ஓடும்போது வீடு முழுவதும் குலுங்குகிறது. இணைப்புகளில் சீலண்ட் வெடிக்கிறது. உள்ளே புகும் நீரில் பலகை ஊறிப் பசை விட்டுப்போனால் சுவர் கொப்பளிக்கும். அதன்பின் செலவு கைமீறிப் போய்விடும். பல மாநிலங்களில் பழுதான புது வாகனத்தை மாற்றித் தரச் சொல்லும் சட்டம் இழுவை ட்ரெய்லர்களுக்குப் பொருந்தாது என்பதையும் வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூரை பார்க்கிறேன். கூரையின் தட்டையான இடங்களுக்குத் தானே பரவும் சீலண்ட், சுவருக்கு வழியாத வகை. சிலிக்கோனைத் தொடுவதே இல்லை; அது பட்ட இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது. விலை குறைந்த ஈரமானி ஒன்றால் எல்லா மூலைகளையும் சோதித்துத் தேதியுடன் நோட்டில் எழுதுகிறேன். கண்ணுக்குத் தெரியுமுன் இரண்டு ஒழுகல்களை அந்த நோட்டு காட்டிக்கொடுத்தது.

அடிப்பகுதியும் கவலை தந்தது. மூன்றாம் ஆண்டில் வண்டியின் எடையைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் என்ற பட்டை வில்லின் போல்ட்டுகளைச் சுற்றிய பிளாஸ்டிக் புஷ்கள் (உறைகள்) தேய்ந்து, இரும்பு இரும்பை அரித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர், வெண்கலப் புஷ்ஷும் கிரீஸ் ஏற்றக்கூடிய போல்ட்டும் மாட்டினார். ஒரே மதியத்தில் வேலை முடிந்தது. சக்கர பேரிங்குகளுக்கு ஆண்டுதோறும் கிரீஸ் மாற்றுகிறேன். டயரில் பட்டன் தேயாவிட்டாலும் வயது ஏறும்: பக்கவாட்டில் 3518 என்றிருந்தால் 2018 இன் 35 ஆவது வாரம். ஐந்து ஆண்டில் நான்கையும் மாற்றிவிட்டேன்.

உறைபனிக்கு முன் குழாய்களை வடித்து, எளிதில் உறையாத இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் திரவம் ஏற்றுவது கட்டாயம். ஒரு குளிர்காலம் வெளிப்புற ஷவர் குழாயை மறந்தேன். வசந்தத்தில் அது பிளந்திருந்தது.

மீண்டும் வாங்குவதானால், இரண்டு மூன்று ஆண்டு கூரையடியில் நின்ற பழைய வண்டியைத்தான் தேடுவேன். விற்பவரோடு தொடர்பில்லாத பரிசோதகருக்குப் பணம் கொடுத்து ஏறிப் பார்க்கச் சொல்வேன். மகளின் மூலை நான்கு ஆண்டாக உலர்ந்திருக்கிறது. வெளியே நீளும் பக்க அறையின் கீழ் ரப்பர் மட்டும் இன்னும் கசிகிறது. புது ரப்பர் வந்துவிட்டது, இந்தச் சனிக்கிழமை மாட்டப் போகிறேன்.